மார்பு, வயிற்றுத் துளைக்காயச் சிகிச்சை: திருச்சிராப்பள்ளி வட்டார வரலாறு

கத்தி, ஈட்டி, அம்பு, துப்பாக்கிக் குண்டு, மாட்டுக் கொம்பு போன்றவை தோலையும் தசையையும் கடந்து நெஞ்சறைக்குள்ளோ வயிற்றறைக்குள்ளோ நுழைவதால் ஏற்படுவது துளைக்காயம். வெளியே ஒரு விரல் அகலமே தெரியும் இக்காயம் உள்ளே நுரையீரலையும் குடலையும் கல்லீரலையும் பெரிய ரத்தக் குழாய்களையும் கிழித்திருக்கலாம். திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம், சமயபுரம் அடங்கிய காவிரி - கொள்ளிடக் கரைப் பகுதி இவ்வகைக் காயங்களை நெடுங்காலமாகக் கண்டு வருகிறது. சோழர், போசளர், நாயக்கர் காலப் போர்களும், 18ஆம் நூற்றாண்டுக் கர்நாடகப் போர்களும், இன்றுவரை தொடரும் ஏறுதழுவலும் இங்கே நடந்தவை.

இக்காயங்களின் சிகிச்சை வரலாற்றில் பெரிய மருத்துவமனைகளின் பங்கு பெரிது. எனினும் உயிர் பிழைத்தவர்களின் எண்ணிக்கையை உயர்த்தியவற்றுள் பல, ஒரு சிறிய மருத்துவமனையாலும் செய்யக்கூடியவை: ஒரு ரப்பர்க் குழாய், ஒரு கண்ணாடிப் புட்டி, குருதி, தக்க நேரத்தில் வயிற்றைத் திறக்கத் தெரிந்த ஒருவர். இவை வருவதற்கு முன்பும் பின்பும் இவ்வட்டாரத்தில் நிலைமை எப்படி இருந்தது என்பதை இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது.

மார்பும் வயிறும்: இருவேறு ஆபத்துகள்

நெஞ்சையும் வயிற்றையும் பிரிப்பது உதரவிதானம் என்னும் மெல்லிய தசைத்தட்டு. ஒரே கத்தி இதற்கு மேலே பாய்ந்தால் ஒரு வகை ஆபத்து. கீழே பாய்ந்தால் வேறு வகை.

நெஞ்சறைக்குள் காற்றழுத்தம் வெளியே உள்ளதைவிடச் சற்றுக் குறைவு. அதனால்தான் நுரையீரல் விரிந்து நிற்கிறது. சுவரில் துளை விழுந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து நுரையீரல் சுருங்கும். உள்ளே புகுந்த காற்று வெளியேற வழியின்றிச் சேர்ந்துகொண்டே போனால், அது இதயத்தையும் மறுபக்க நுரையீரலையும் நெருக்கிச் சில நிமிடங்களில் உயிரைப் பறிக்கும். அதாவது மார்புக் காயம் விரைவில் கொல்லக்கூடியது. ஆனால் அடைபட்ட காற்றையும் ரத்தத்தையும் வெளியேற்றிவிட்டால் பெரும்பாலோருக்கு நுரையீரல் தானாகவே விரிந்து ஆறிவிடும்.

வயிற்றுக் காயம் இருமுறை கொல்லும். கல்லீரல், மண்ணீரல், ரத்தக் குழாய்கள் கிழிந்தால் முதல் சில மணி நேரத்தில் ரத்தப்போக்கால் மரணம் வரும். அதில் தப்பியவருக்குக் குடலில் ஓட்டை இருந்தால், கசிந்த மலமும் உணவும் வயிற்றறையில் சீழ்பிடிக்கச் செய்யும். முதல் நாள் பேசிக்கொண்டிருந்தவர் மூன்றாம் நாள் காய்ச்சலில் விழுந்து, ஒரு வாரத்துக்குள் இறப்பார். பழங்கால மருத்துவர்களை மிகவும் குழப்பியது இந்த இரண்டாவது மரணமே. வெளிப்புண் ஆறிவருவதுபோல் தோன்றும். உள்ளே நடப்பதைக் காண வழியில்லை.

மூச்சை வெளியே விடும்போது உதரவிதானம் முலைக்காம்பின் உயரம்வரை மேலெழும். ஆகவே அந்தக் கோட்டுக்குக் கீழே மார்பில் பட்ட குத்து வயிற்றையும் துளைத்திருக்கலாம். மார்புக் காயம் என்று மட்டும் எண்ணி வயிற்றைக் கவனியாது விடுவது இன்றும் நிகழக்கூடிய தவறு.

பழந்தமிழ்ச் சான்றுகள்

சங்க இலக்கியத்தில் காயம்பட்ட வீரரைப் பேணிய முறைகளுக்குச் சான்றுகள் உள்ளன. சேரன் செங்குட்டுவனைப் பரணர் பாடிய பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில் (பாடல் 42), வீரர்களின் மார்பில் பட்ட நீண்ட வெட்டுகள் நெடிய வெண்ணிற ஊசியால் தைக்கப்பட்ட செய்தி வருகிறது. ரத்தத்தில் மூழ்கி எழும் அந்த ஊசிக்கு, குளத்தில் பாய்ந்து மீனுடன் எழும் சிச்சிலிப் பறவை உவமையாகிறது. தைத்த தழும்பு வீரர் மார்பில் நிலைத்திருந்தது என்பதால், காயம் ஆறி அவர்கள் மீண்டும் களம் கண்டனர் என்று கொள்ளலாம். இவை பெரும்பாலும் வெட்டுக் காயங்கள், நெஞ்சறையைத் துளைக்காதவை.

அரிசில்கிழார் பாடிய புறநானூற்றுப் பாடல் (281) வீட்டில் கிடக்கும் புண்பட்ட வீரனைக் காக்கும் முறையைச் சொல்கிறது. வீட்டில் வேப்பிலை செருகினர், வெண்சிறுகடுகு தூவினர், யாழும் குழலும் இசைத்துக் காஞ்சிப் பண் பாடினர். புண்ணில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்ததைப் புறநானூற்றின் வேறொரு பாடல் குறிப்பிடுகிறது. புகையும் வேம்பும் தூய்மைக்கு ஓரளவு உதவியிருக்கலாம். இரவு முழுவதும் ஒருவர் அருகிலிருந்து கவனித்ததும் மருத்துவத்தின் ஒரு பகுதியே.

கலித்தொகையின் முல்லைக்கலிப் பாடல்கள் ஏறுதழுவலை விரிவாகக் காட்டுகின்றன. காளையின் கொம்பில் சிக்கிக் குடல் சரிந்தவர்களை அப்பாடல்கள் மறைக்காமல் சொல்கின்றன. விளையாட்டின் பெருமையோடு அதன் விலையும் அங்கே பதிவாகியிருக்கிறது. குடல் சரிந்தவர் பிழைத்தாரா என்பதற்கு அங்கே விடை இல்லை.

சுசுருதரும் குடல் காயமும்

வடமொழி மருத்துவ நூலான சுசுருத சங்கிதை வயிற்றுத் துளைக்காயத்தைத் தனியாகப் பேசுகிறது. வெளியே வந்த குடல் கிழியாமல் இருந்தால் அதைப் பாலால் கழுவி, நெய் தடவி, நகம் வெட்டிய கையால் மெல்ல உள்ளே செலுத்த வேண்டும். துளை சிறிதாக இருந்து குடல் உள்ளே போகாவிட்டால் துளையைச் சற்றுப் பெரிதாக்க வேண்டும் என்று அது கூறுகிறது. குடல் கிழிந்திருந்தால் பெரிய கருப்பு எறும்புகளைக் கொண்டு கிழிசலின் இரு ஓரங்களையும் சேர்த்துக் கடிக்கவைத்து, பின் எறும்பின் உடலைக் கிள்ளி எறிந்து தலையை மட்டும் விட்டுவிடும் முறையையும் சொல்கிறது. இன்றைய உலோகக் கவ்விகளுக்கு இது முன்னோடி எனலாம்.

இம்முறைகளில் இரண்டு கருத்துகள் இன்றும் செல்லும். குடல் கிழிந்ததா இல்லையா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். கிழிந்திருந்தால் மூடியாக வேண்டும். ஆயினும் மயக்க மருந்தும் நுண்ணுயிர் பற்றிய அறிவும் இல்லாத காலத்தில், வயிற்றுக்குள் மறைந்திருக்கும் ஓட்டையைத் தேடிச் செல்ல வழியில்லை. வெளியே சரிந்து வந்த குடலை மட்டுமே மருத்துவரால் கையாள முடிந்தது.

ஸ்ரீரங்கம் ஆரோக்கியசாலை

தமிழ்நாட்டில் கோயிலைச் சார்ந்த மருத்துவமனைகள் இயங்கியமைக்குக் கல்வெட்டுச் சான்றுகள் உண்டு. அவற்றுள் பெயர்பெற்றது பாலாற்றங்கரைத் திருமுக்கூடல் கோயிலில் உள்ள வீரராசேந்திரச் சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு. ‘வீரசோழன்’ என்னும் பெயருடைய அந்த ஆதுலர்சாலையில் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர் ஒருவர், சல்லியக் கிரியை எனப்படும் அறுவைச் சிகிச்சை செய்பவர் ஒருவர், மருந்து கொணர்வோர் இருவர், நோயாளரைப் பேணும் பெண்கள் இருவர் முதலானோருக்கு அளிக்கப்பட்ட ஊதியமும் அக்கல்வெட்டில் உள்ளது. ஒரு சிறிய மருத்துவமனைக்கு எத்தனை பேர் வேண்டும் என்று கணக்கிட்டு எழுதிய பழைய ஆவணம் இது.

ஸ்ரீரங்கத்திலும் ஆரோக்கியசாலை ஒன்று இருந்தது. போசளர் 13ஆம் நூற்றாண்டில் சமயபுரத்தை அடுத்த கண்ணனூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்டபோது அது நிறுவப்பட்டது. கருடவாகன பண்டிதர் என்னும் மருத்துவர் மரபினரிடம் ஒப்படைக்கப்பட்டது. 14ஆம் நூற்றாண்டின் படையெடுப்பில் ஸ்ரீரங்கம் சிதைவுற்றது. பின்னர் அதே மரபில் வந்த கருடவாகன பட்டர் ஆரோக்கியசாலையைப் புதுப்பித்ததை 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு பதிவு செய்கிறது. பெரிய கோயிலில் இன்றும் உள்ள தன்வந்திரி சந்நிதி இந்த மருத்துவ மரபின் எச்சம்.

மருத்துவமனையே போரால் அழிவதும், போருக்குப் பின் மீண்டும் கட்டப்படுவதும் ஸ்ரீரங்கத்தின் வரலாற்றில் இவ்வாறு பதிவாகியிருக்கின்றன. காயம்பட்டோர் மிகுதியாக வரும் காலமும் மருத்துவமனை செயலிழக்கும் காலமும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைகின்றன.

கர்நாடகப் போர்களும் சமயபுரம் நிகழ்ச்சியும்

1749இல் ஆம்பூர்ப் போரில் தந்தை அன்வருதீன் கொல்லப்பட்டபின் முகமது அலி திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் தஞ்சம் புகுந்தார். 1751 முதல் சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும் கோட்டையை முற்றுகையிட்டனர். முகமது அலிக்கு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி துணைநின்றது. அடுத்த மூன்று ஆண்டுகளும் மலைக்கோட்டையைச் சுற்றியிருந்த ஊர்கள் போர்க்களமாயின. 1753இல் பொன்மலை அருகே ஜூன் மாதத்திலும், சர்க்கரைப்பாறை எனப்பட்ட குன்றருகே செப்டம்பரிலும் கடும் போர்கள் நடந்தன.

1752 ஏப்ரலில் பிரெஞ்சுத் தளபதி ஜாக் லா தம் படையுடன் ஸ்ரீரங்கம் தீவுக்குப் பின்வாங்கினார். ஸ்ரீரங்கம், திருவானைக்கா கோயில்களின் மதில்கள் படைகளுக்கு அரணாயின. வடக்கே கொள்ளிடத்தைக் கடந்து சமயபுரத்தில் ராபர்ட் கிளைவ் பாசறை அமைத்திருந்தார். ஒருநாள் இரவு லா அனுப்பிய படை சமயபுரத்துக்குள் நுழைந்தது. அதில் கம்பெனிப் படையிலிருந்து ஓடிப்போய்ப் பிரெஞ்சுக்காரருடன் சேர்ந்த ஆங்கிலேயரும் சிலர் இருந்தனர். அவர்கள் ஆங்கிலத்தில் பேசிக் காவலரை ஏமாற்றினர்.

அந்த இரவுக் குழப்பத்தில் கிளைவ் வாளால் வெட்டுண்டார். பொழுது விடிந்ததும், கோயிலுக்குள் அடைபட்டிருந்த எதிரிகளுடன் பேச வாயிலுக்கு வந்தார். ரத்தம் இழந்து நிற்க முடியாமல், இரண்டு சார்ஜெண்டுகளின் தோள்களில் சாய்ந்தபடி குனிந்து நின்றார். உள்ளிருந்த ஒருவன் சுட்டான். குண்டு கிளைவைத் தவறி, அவரைத் தாங்கிநின்ற இருவரின் உடலையும் துளைத்துச் சென்றது. இருவரும் பிழைக்க முடியாத காயத்துடன் வீழ்ந்தனர். கம்பெனிப் போர்களின் வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம் இந்நிகழ்ச்சியை விவரித்துள்ளார்.

இந்திய வரலாறு ஒரு குண்டின் பாதையில் மாறியிருக்கக்கூடும் என்பதற்காக இந்நிகழ்ச்சி அடிக்கடி எடுத்துச் சொல்லப்படுகிறது. மருத்துவ வரலாற்றுக்கு இது வேறொன்றையும் காட்டுகிறது. வாள் வெட்டு வாங்கிய கிளைவ் சில நாட்களில் மீண்டும் படை நடத்தினார். வெட்டு வெளியே தெரியும், கட்டலாம், தைக்கலாம். உடலைத் துளைத்த குண்டுக்கு அன்று எந்த மருத்துவரிடமும் விடை இல்லை. கிளைவின் பெயர் நிலைத்தது. அவரைத் தாங்கியவர்கள் ‘இரண்டு சார்ஜெண்டுகள்’ என்ற அளவிலேயே பலருடைய நினைவில் நிற்கின்றனர். அதே போர்களில் இறந்த சிப்பாய்களுக்கும் ஊர்மக்களுக்கும் அதுகூட இல்லை.

அக்காலத் துப்பாக்கியின் ஈயக்குண்டு ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் விட்டமுடையது. மெதுவாகச் செல்லும் அக்குண்டு எலும்பை நொறுக்குவதோடு, சட்டைத் துணியையும் அழுக்கையும் காயத்துக்குள் இழுத்துச் செல்லும். படை மருத்துவரிடம் குண்டு எடுக்கும் குறடும், கட்டுத்துணியும், சாராயமும், அபினியும் இருந்தன. காய்ச்சலைத் தணிப்பதாக எண்ணி நோயாளியின் ரத்தத்தை மேலும் வெளியேற்றும் வழக்கம் ஐரோப்பிய மருத்துவத்தில் அன்று பரவலாக இருந்தது. ரத்தம் இழந்தவருக்கு அது கேட்டையே கூட்டியது.

இல்லாத மூன்று

சமயபுரத்தில் இல்லாதிருந்தவை மூன்று. மயக்க மருந்து 1846இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதர் வடிவில் வெளிப்பட்டது. கிருமிநீக்க அறுவை முறையை ஜோசப் லிஸ்டர் 1867இல் வெளியிட்டார். ரத்த வகைகளைக் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் 1901இல் கண்டறிந்தார். அதன் பின்னரே குருதியேற்றம் பாதுகாப்பானதாக மாறியது.

இம்மூன்றும் முழுமையாகப் பயனுக்கு வராத அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861-65) மார்பில் துளைக்காயம் பட்டவர்களில் சுமார் 62 விழுக்காட்டினரும், வயிற்றில் பட்டவர்களில் சுமார் 87 விழுக்காட்டினரும் இறந்தனர். திருச்சிராப்பள்ளிப் போர்களில் நிலைமை இதைவிடச் சிறப்பாக இருந்திருக்கக் காரணமில்லை.

தமிழகத்தில் கம்பெனியின் முதல் மருத்துவமனை 1664இல் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் தொடங்கியது. சென்னையில் 1835இல் மருத்துவப் பள்ளி உருவானது. மேலை அறுவை மருத்துவம் தமிழகத்தில் வேர்விட்டது இவ்வழியே. ஆனால் சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளி 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. மாட்டுவண்டிக் காலத்தில் குத்துப்பட்ட ஒருவருக்கு அந்த மருத்துவமனை இருந்தும் இல்லாததே.

வயிற்றைத் திறப்பதா, விடுவதா?

மயக்க மருந்தும் கிருமிநீக்கமும் வந்தபின்னும் வயிற்றுக் காயத்துக்கு என்ன செய்வது என்பதில் மருத்துவர்கள் ஒன்றுபடவில்லை. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் (1899-1902) வயிற்றைத் திறந்து சிகிச்சை பெற்றவர்களில் மிகப் பலர் இறந்தனர். திறக்காமல் விட்டவர்களில் சிலர் பிழைத்தனர். ஆகவே வயிற்றைத் தொடாதிருப்பதே நன்று என்ற முடிவுக்குப் பிரிட்டிஷ் படை மருத்துவர்கள் வந்தனர்.

பிழை அறுவையில் இல்லை, தாமதத்தில் இருந்தது. ருஷ்ய - ஜப்பானியப் போரில் (1904-05) வேரா கெத்ராய்ட்ஸ் என்னும் ருஷ்யப் பெண் அறுவை மருத்துவர், போர்முனைக்கு அருகே நிறுத்திய ரயில் பெட்டியில் அறுவை செய்தார். காயம்பட்டுச் சில மணி நேரத்துக்குள் வந்தவர்களுக்கு மட்டுமே வயிற்றைத் திறந்தார், பலரைக் காப்பாற்றினார். முதல் உலகப் போரின்போது, 1915 வாக்கில், மற்றப் படைகளும் இந்த உண்மைக்கு வந்துசேர்ந்தன. அறுவை அறை போர்முனைக்கு அருகே நகர்ந்தது. அப்போரில் வயிற்றுக் காயமுற்றோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்தனர். இரண்டாம் உலகப் போரில் அது நான்கில் ஒருவர் அளவுக்கும், கொரியப் போரில் பத்தில் ஒருவர் அளவுக்கும் குறைந்தது. குருதி வங்கி, பென்சிலின், விரைவான போக்குவரத்து ஆகியவை இதற்குக் காரணங்கள்.

பிற்காலத்தில் மறுபக்கமும் தெளிவாயிற்று. வயிற்றில் கத்திக்குத்துப் பட்ட எல்லோருக்கும் குடல் கிழிவதில்லை. நியூயார்க்கில் ஜெரால்டு ஷாஃப்டன் 1960இல், நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சீராக இருந்து, வயிறு இளகி இருப்பவர்களை உடனே அறுக்காமல் கவனித்துப் பார்க்கலாம் என்று எழுதினார். கத்திக்குத்து மிகுந்த தென்னாப்பிரிக்காவின் அரசு மருத்துவமனைகள் இம்முறையைப் பெரிய அளவில் நடத்திக்காட்டின. விலையுயர்ந்த படக்கருவி இதற்குக் கட்டாயமில்லை. ஒரே மருத்துவர் சில மணி நேரத்துக்கு ஒருமுறை வந்து அதே வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதே இதன் அடிப்படை. அதிர்ச்சி நிலை, வயிறு கல்லாக இறுகுதல், குடல் வெளியே சரிதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

குழாயும் புட்டியும்

மார்புக் காயத்தில் மிகப்பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது மிக எளிய சாதனம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மானிய மருத்துவர் கோட்ஹார்ட் பியூலா, நெஞ்சறையில் உள்ள சீழை வடிக்க நீரடைப்புக் குழாய் முறையைப் பயன்படுத்தினார். 20ஆம் நூற்றாண்டின் போர்களில் அது காயங்களுக்கும் உரிய முறையாயிற்று.

அது செயல்படும் விதம் பள்ளி அறிவியலே. அக்குளுக்குக் கீழே, ஐந்தாம் விலா இடைவெளியில் ஒரு குழாயைச் செலுத்துவர். அதன் மறுமுனை, கட்டிலுக்குக் கீழே தரையில் உள்ள புட்டியின் நீருக்குள் சுமார் 2 சென்டிமீட்டர் ஆழத்தில் மூழ்கியிருக்கும். நோயாளி மூச்சு விடும்போதும் இருமும்போதும் நெஞ்சறைக் காற்று குமிழியிட்டு வெளியேறும். மூச்சு இழுக்கும்போது வெளிக்காற்று உள்ளே திரும்பாதபடி நீர் தடுக்கும். புட்டியை மார்பு மட்டத்துக்கு மேலே தூக்கக் கூடாது; தூக்கினால் நீர் உள்ளே பாயும்.

மார்பில் துளைக்காயம் பட்டவர்களில் பெரும்பாலோருக்கு இதுவே போதும். நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை. குழாய் வைத்தவுடன் 1,500 மில்லிலிட்டருக்கு மேல் ரத்தம் வந்தாலோ, அடுத்த சில மணி நேரம் மணிக்கு 200 மில்லிலிட்டர் வீதம் வந்துகொண்டே இருந்தாலோ மட்டுமே நெஞ்சு அறுவைக்குச் செல்வர். ஆக, புட்டியில் போடும் அளவுக்கோடும் அதைப் பார்த்து எழுதும் செவிலியரும் இங்கே உயிர்காப்பவர்கள்.

வாடிவாசலிலிருந்து மருத்துவமனைக்கு

திருச்சி வட்டாரத்தில் இன்று துளைக்காயம் எதிர்பார்த்தே நடக்கும் நிகழ்ச்சி ஜல்லிக்கட்டு. திருவெறும்பூரை அடுத்த பெரிய சூரியூர், புதுக்கோட்டை மாவட்டத்தின் தச்சங்குறிச்சி, விராலிமலை முதலிய ஊர்கள் இதற்குப் பெயர்பெற்றவை. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2017இல் மாநிலம் தழுவிய போராட்டத்துக்குப் பின் தமிழ்நாடு சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. அதை 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. விதிகளின்படி இரட்டைத் தடுப்பு வேலி, மருத்துவக் குழு, ஆம்புலன்ஸ் ஆகியவை களத்தில் இருக்க வேண்டும்.

கொம்புக் குத்து கத்திக்குத்தைப் போன்றதன்று. காளை குத்தியபின் தலையை உதறித் தூக்கும். நுழைவுத் துளை ஒன்றாக இருந்தாலும், உள்ளே கொம்பு இரண்டு மூன்று திசைகளில் கிழித்திருக்கும். மண்ணும் சாணமும் உள்ளே போவதால் சீழ்பிடிப்பும் வில்வாத சன்னியும் வரலாம். களத்தில் கட்டுப்போட்டுக்கொண்டு வீட்டுக்குச் செல்லும் ஒருவர் மறுநாள் வயிறு இறுகி மருத்துவமனைக்கு வருவது இதனால்தான். மாடுபிடி வீரர்கள் மட்டுமல்லாமல், காளைகளைத் திரும்பப் பிடிக்கும் இடத்தில் நிற்கும் உரிமையாளர்களும் பார்வையாளர்களும் குத்துப்படுகின்றனர்.

காளைப்போர் நடக்கும் ஸ்பெயினிலும் இதே படிப்பினை உண்டு. பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங்குக்கு மாட்ரிட் நகரின் லாஸ் வென்டாஸ் காளைப்போர் அரங்குக்கு வெளியே சிலை உண்டு. கொம்புக் காயத்தில் சீழ்பிடித்து இறந்துவந்த வீரர்களின் நன்றிக்கடனாக எழுப்பப்பட்டது அது.

திருச்சியில் நெடுங்காலம் மருத்துவக் கல்லூரி இல்லை. மதுரையில் 1954இலும் தஞ்சாவூரில் 1959இலும் மருத்துவக் கல்லூரிகள் தொடங்கின. திருச்சியில் கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரி 1998இல்தான் வந்தது. அதனுடன் இணைந்த மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையே மக்கள் வழக்கில் ‘பெரியாஸ்பத்திரி’. 2017இல் புதுக்கோட்டையிலும், 2019இல் கரூரிலும், 2022இல் அரியலூரிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் சேவை தமிழகத்தில் தொடங்கியது. கெத்ராய்ட்ஸ் ரயில் பெட்டியைப் போர்முனைக்கு நகர்த்தியதைப் போல, இங்கே அறுவை அறை காயத்தை நோக்கி நகர்ந்துவந்திருக்கிறது.

சட்டமும் ஒரு தடையை நீக்கியது. கத்திக்குத்து வழக்குகளில் காவல்துறை வரும்வரை சிகிச்சை தொடங்கத் தயங்கும் போக்கு முன்பு இருந்தது. 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், உயிர்காப்பதே முதற்கடமை என்றும், அதன்பின்பே சட்ட நடைமுறை என்றும் தீர்ப்பளித்தது.

ரத்தம்: கடைசித் தட்டுப்பாடு

சிறிய மருத்துவமனைகளில் அறுவை மருத்துவர் இருந்தும் தடையாவது பெரும்பாலும் ரத்தம். இதன் கடுமையான உருவத்தைத் தமிழர் அண்மை வரலாற்றில் கண்டது இலங்கையின் வன்னிப் பகுதியில். 2009இல் போரின் இறுதி மாதங்களில், புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பள்ளிக் கட்டடங்களிலும் கொட்டகைகளிலும் தற்காலிக மருத்துவமனைகள் இயங்கின. அவை எறிகணை வீச்சுக்கும் உள்ளாயின. மருந்தும் ரத்தப் பைகளும் தீர்ந்த நிலையில், காயம்பட்டவரின் சொந்த ரத்தத்தையே பையில் சேர்த்து, துணியால் வடிகட்டி, அவருக்கே திரும்பச் செலுத்தினர். ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த வல்லுநர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கையில் இது பதிவாகியுள்ளது.

இது வழியற்ற நிலையில் பிறந்த செயல். ஆனாலும் மருத்துவத்தில் அறியப்பட்ட முறையே. நெஞ்சறையில் தேங்கிய தூய ரத்தத்தை, உறையாமல் தடுக்கும் மருந்து சேர்த்து, வடிகட்டித் திரும்ப ஏற்றலாம். குடல் கிழிந்து மலம் கலந்த ரத்தத்துக்கு இது பொருந்தாது.

மற்றோர் எளிய உதவி டிரானெக்சாமிக் அமிலம் என்னும் மலிவான மருந்து. கட்டிய ரத்தம் மீண்டும் கரைவதை இது தடுக்கிறது. இந்தியா உட்பட 40 நாடுகளில் 274 மருத்துவமனைகளில் 20,000க்கு மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. காயம்பட்ட 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்கு மரணம் குறைகிறது என்றும், அதற்குப் பின் கொடுத்தால் கேடு விளையலாம் என்றும் அது காட்டியது. இங்கும் கடிகாரமே முடிவு செய்கிறது.

காயம்பட்ட இடத்தில் செய்யத்தக்கவை

மருத்துவர் அல்லாதோரின் செயலும் இவ்வரலாற்றின் ஒரு பகுதி. குத்திய கத்தியோ கம்பியோ உடலில் நின்றால் அதைப் பிடுங்கக் கூடாது. அதுவே ரத்தக் குழாயை அடைத்துக்கொண்டிருக்கலாம். அசையாமல் சுற்றிக் கட்டி அப்படியே கொண்டுசெல்ல வேண்டும். சரிந்த குடலை உள்ளே தள்ளக் கூடாது. சுத்தமான ஈரத்துணியால் மூட வேண்டும். மார்பில் காற்று உறிஞ்சும் துளை இருந்தால் நெகிழித் தாளால் மூன்று பக்கம் மட்டும் ஒட்டி, ஒரு பக்கம் திறந்துவிடுவது வழக்கம். மஞ்சள், காப்பித்தூள், சாணம் ஆகியவற்றை அப்பக் கூடாது. தண்ணீரோ சோடாவோ குடிக்கக் கொடுக்கக் கூடாது. தாமதிக்காமல் 108ஐ அழைக்க வேண்டும்.

மதிப்பீடு

ஊசியால் மார்பைத் தைத்த சங்ககால மருத்துவரிடமும், எறும்பால் குடலை மூடச் சொன்ன சுசுருதரிடமும், ஸ்ரீரங்கத்து ஆரோக்கியசாலையை மீண்டும் எழுப்பிய பட்டரிடமும் கைத்திறனும் அக்கறையும் குறைவாக இல்லை. அவர்களிடம் இல்லாதவை மயக்க மருந்தும் கிருமிநீக்கமும் குருதியும். இன்று இம்மூன்றும் உள்ளன. எஞ்சியிருப்பது அவற்றைக் காயத்தின் அருகே, உரிய நேரத்தில், இரவிலும் விழா நாளிலும் கிடைக்கச் செய்யும் பணி. திருமுக்கூடல் கல்வெட்டு 15 படுக்கைகளுக்கு ஆளும் மருந்தும் ஊதியமும் கணக்கிட்டு எழுதியது அந்தப் பணியையே.

1752இல் சமயபுரம் கோயில் வாயிலில் வீழ்ந்த இருவருக்கும் இன்று அதே இடத்தில் அதே காயம் ஏற்பட்டிருந்தால், நெடுஞ்சாலை வழியே அரை மணி நேரத்துக்குள் திருச்சி மருத்துவமனை ஒன்றை அடைந்திருப்பர். ஒருவருக்கு ஒரு குழாயும் புட்டியும், மற்றவருக்கு சில அலகு ரத்தமும் ஓர் அறுவையும் தேவைப்பட்டிருக்கலாம். இருவரும் கட்டாயம் பிழைத்திருப்பர் என்று சொல்ல முடியாது. முயன்று பார்க்கவாவது வழி இருந்திருக்கும்.